முதுகில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத்தான் முதலில் குளிரும்

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு வயது, எடை 15 கிலோ. அடுத்த வாரம் குடும்பத்தோடு ஒருநாள் மலையேற்றத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம். கிளம்பும் இடம் 1,100 மீட்டர், சிகரம் 1,800 மீட்டர், ஒரு வழி 5 கிலோமீட்டர். 200 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடிவார ஊருக்கு 24 டிகிரி வெப்பம், மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்று வானிலை அறிவிப்பு சொல்கிறது. “ஏறி இறங்க ஐந்து மணி நேரம்தான், இரண்டு வயதுக் குழந்தைகளையே கூட்டிப் போயிருக்கிறோம், குழந்தையை முதுகில் சுமக்கும் கேரியரும் தருகிறோம்” என்கிறார் ஏஜென்ட். போகாவிட்டால் பணம் திரும்ப வராதாம். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் ஏஜென்ட் சொன்ன ஐந்து மணி நேரத்தை மறந்துவிடுங்கள். மலையேறுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு 2 மணி 10 நிமிடம் வருகிறது. அது நடந்து பழகிய பெரியவருக்கு. நான்கு வயதுக் குழந்தை உடன் வந்தால் இரட்டிப்பாக வையுங்கள். இறங்கும்போதும் பெரிதாக மிச்சமாகாது, ஏனென்றால் உங்களுக்கு ஒரு படியாக இருப்பது அவளுக்கு ஒரு குதிப்பு. ஆக, போய்வர எட்டு மணி நேரம்.

இந்த எட்டு மணி நேரத்தை நாளின் எந்தப் பகுதியில் வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். வெயிலில் சூடான காற்று சரிவில் ஏறி, குளிர்ந்து, மேகமாகத் திரள்வதற்குக் காலைப்பொழுது முழுவதும் ஆகிவிடும். அதனால்தான் மலையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வருகிறது. விடிந்ததும், ஆறு மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். பத்து மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள். சிகரம் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சரி. இந்த நேரத்தை முந்தின இரவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு பேசினால் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்ற குரல்தான் ஜெயிக்கும்.

அந்த 40 சதவீதம் அடிவார ஊருக்கானது. எவ்வளவு கனமாகப் பெய்யும், எத்தனை மணிக்குப் பெய்யும் என்பதை அது சொல்வதில்லை. காற்றை மலை மேலே தள்ளுவதால், ஊரில் தூறல் இல்லாத நாளிலும் முகட்டில் மழை கொட்டலாம். இவ்வளவு பேர் மலையேறும் காலத்திலும் பல இடங்களில் ஊருக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மலையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். வெப்பத்தை நீங்களே கணக்குப் போடலாம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊரில் 24 என்றால், 1,600 மீட்டர் மேலே இருக்கும் சிகரத்தில் சுமார் 14 டிகிரிதான். உலர்ந்த உடம்புக்கு அது சுகமான குளிர். நனைந்து, காற்றும் அடித்தால், ஒரு குழந்தையின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அதுவே போதும். விறைக்க உறைபனி தேவையில்லை.

இப்போது கேரியர். ஏஜென்ட் சமாதானமாகச் சொன்ன இந்தப் பொருளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஏறுகிற அப்பாவுக்கு வியர்க்கும். முதுகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மகளின் தசைகளோ அதிக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால், இருக்கிற வெப்பமும் வேகமாக வெளியேறும். தொங்கும் கால்களில் தொடையருகே பட்டை அழுத்தி ரத்த ஓட்டம் குறையலாம். “எனக்கே புழுங்குகிறது, அவளுக்கு என்ன குளிர்” என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. நீங்கள் ஒரு உடுப்பைக் கழற்றும்போது அவளுக்கு ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள்.

வாடகைக் கேரியரை முந்தின நாளே கையில் வாங்கிப் பாருங்கள். தோள், இடுப்பு, கால் இடுக்கு என எல்லாப் பட்டைகளும் பூட்டிக்கொள்கின்றனவா, பாதம் ஊன்றும் வளையங்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாடகைக்கு வருபவற்றில் அந்த வளையம் காணாமல் போயிருக்கலாம். எடை வரம்பு லேபிளில் இருக்கும். பிள்ளை 15 கிலோ, கேரியர் 3 கிலோ, தண்ணீரும் துணியும் 2 கிலோ என்று கூட்டினால் 20 கிலோ. இதைச் சுமந்துகொண்டு வழுக்கும் பாறையில் இறங்குபவர் விழுந்தால் இருவருக்கும் அடிபடும். அவள் பெரும்பகுதி நடக்கட்டும். கேரியர் களைத்த கால்களுக்கு மட்டும். அதிலும் அரை மணிக்கு ஒருமுறை இறக்கிவிட்டுக் கால்களை உதறச் சொல்லுங்கள்.

குளிர்கிறதா என்று அவளைக் கேட்டால் விளையாட்டு மும்முரத்தில் இல்லை என்பாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். விரல்கள் சில்லிட்டிருப்பது சகஜம், நெஞ்சு சில்லிட்டிருந்தால் திரும்ப வேண்டிய நேரம். நடுக்கம் முதல் எச்சரிக்கை. நடுங்கிக்கொண்டிருந்தவள் நடுக்கம் நின்று அமைதியானால், தடுமாறினால், தூங்கி வழிந்தால், நிம்மதி அடையாதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம். காற்று படாத இடத்தில் ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த உடுப்பு போட்டு, உங்கள் ஜாக்கெட்டுக்குள் உடம்போடு உடம்பாக அணைத்துக்கொள்ளுங்கள். நன்றாக விழித்திருந்தால் மட்டும் இளஞ்சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். உடனே உதவிக்கு அழையுங்கள்.

உடுப்பில், தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி சீக்கிரம் உலராது, வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டர் அல்லது மென்கம்பளி பனியன், அதன் மேல் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற கதகதப்பான மேலுடுப்பு, அதற்கும் மேல் மழை ஜாக்கெட், மழை பேன்ட். முழு மாற்று உடை ஒரு செட், காலுறை இரண்டு ஜோடி, தொப்பி, எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி இருக்கட்டும். மழை ஜாக்கெட் வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். தையல் நெடுக டேப் ஒட்டியிருந்தால்தான் அது மழைக்கானது. இல்லாவிட்டால் துணி எவ்வளவு பளபளத்தாலும் ஊசித்துளை வழியே தண்ணீர் இறங்கும். ‘நீர் எதிர்ப்பு’ என்று சீட்டு ஒட்டிய தூறல் ஜாக்கெட்டையே மழை ஜாக்கெட் என்று தலையில் கட்டுகிறார்கள். காற்றில் தலைக்கு மேல் பறக்கும் போன்சோ என்னும் தொளதொள மழைப் போர்வையும் முகட்டில் உதவாது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் திரும்ப ஏறாதீர்கள்.

சந்தேகம் வந்தால் திரும்பு என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். வரும் வழியில் ஓடையைத் தாண்டியிருந்தால், திரும்பும்போது அது அதே ஓடையாக இருக்காது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேற்சரிவில் பெய்த மழை அதில் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால், இறங்காதீர்கள். உங்கள் முழங்கால் ஆழம் அவளுக்கு இடுப்பளவு. கேரியரில் கட்டிய நிலையில் தூக்கிக்கொண்டும் கடக்காதீர்கள். கால் இடறினால் நீங்கள் எழுவதற்குள் அவள் முகம் தண்ணீருக்குள் இருக்கும். முன்னால் போனவர்கள் கடந்துவிட்டார்கள் என்பதும் காரணமல்ல, அவர்கள் முதுகில் குழந்தை இல்லை. கரையை விட்டு மேட்டுக்கு ஏறி, உலர்ந்த உடுப்பு மாற்றி, காத்திருங்கள். சிறிய ஓடைகள் மழை ஓய்ந்த சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இருட்டினாலும் காத்திருங்கள். இதற்காகவே ஒருநாள் நடைக்கும் ஹெட் டார்ச், கூடுதல் உணவு, ஆளுக்கு ஒரு விசில் தேவை. உதவி கேட்க ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஊதுங்கள்.

ஏஜென்ட் விஷயம். பணம் வாங்கியவர் பெரும்பாலும் மலைக்கு வருவதில்லை. யாரையோ கூலிக்கு அனுப்புவார், அவருக்குக் குழுவை உச்சிக்குக் கொண்டுபோய்த் திரும்புவதுதான் வேலை. நாளைக்கே மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கைடு? எங்கள் குடும்பம் மட்டும் பாதியில் திரும்பினால் கூட வர யார்? மழை எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா? பதினைந்து பேருக்கு ஒரே கைடு என்றால், உங்களுக்காக அவர் திரும்ப முடியாது, உங்களைத்தான் மேலே இழுப்பார். இரண்டு வயதுக் குழந்தைகளைக் கூட்டிப் போன கதை உங்கள் மகளுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. எச்சரிக்கையாக நடந்துகொள்பவரின் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் விதி எத்தனையோ குடும்பங்களை மழைக்குள் தள்ளுகிறது, அதைத் தட்டிக்கேட்க யாருமில்லை. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் பணத்தை விட்டுவிடுங்கள்.

போவதென்று முடிவானால், பாதையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் மலைக்கு வராத ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். மாலை நான்கு மணிக்குள் உங்களிடமிருந்து போன் வராவிட்டால் எந்த மீட்பு எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும்.