சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் ஓட மாட்டேங்குது: பதில்

நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் அடுத்தடுத்து வர்ற டிரையத்லான் போட்டிக்குப் பழகறீங்க, சைக்கிளை விட்டு இறங்கினதும் கால் ஓட மாட்டேங்குது, ஓட்டப் பயிற்சியைக் கூட்டணுமான்னு கேட்டிருக்கீங்க. கூட்ட வேண்டாமுங்க. தனியா ஓடுனா 28 நிமிஷத்துல முடியுற 5 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் சைக்கிளுக்கு அப்புறம் 35 ஆகுது, தொடை கல்லாட்டம் இருக்குதுன்னா, கோளாறு சைக்கிள் மிதிக்கறதுலதான்.

பொள்ளாச்சியில இருந்து பாலக்காட்டு ரோட்டுல போறதா எழுதியிருக்கீங்க. ஆடியில கணவாய்க் காத்து நேரா மூஞ்சில அறையும். அப்பவும் பெரிய கியர்லயே அமுக்கி மிதிப்போம், வேகம் குறைஞ்சா மானம் போயிருமாட்ட. தொடை அங்கயே தீர்ந்துபோகுது.

இந்த ஞாயிறு இப்படிப் பண்ணிப் பாருங்க:

1. லேசான கியர். வலது முட்டி 15 விநாடிக்கு எத்தனை தடவை மேல வருதுன்னு எண்ணுங்க, 21, 22 வரணும். வேகமானியைப் பார்க்காதீங்க.
2. இறங்கினதும் உட்காராம 10 நிமிஷம் ஓடுங்க. முதல் கிலோமீட்டர் வேணும்னே மெதுவா.

கால் லேசா இருந்தா காரணம் கியர்தான். வாரம் ஒருக்கா இதையே செய்யுங்க, போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம். மாறலைன்னா சீட் உயரத்தைப் பாருங்க: பெடல் அடியில இருக்கறப்ப குதிகாலை வெச்சா முட்டி நேரா நிக்கணும். கிணத்துல பழகின நீச்சல்னா காலை அதிகமா அடிப்போம், தொடை தண்ணியிலயே சோர்ந்துரும்; அதையும் கொஞ்சம் குறைங்க.

ஒரு கால்ல மட்டும் வலி, பாதம் மரத்துப்போறது, நெஞ்சுல இறுக்கம்னு ஏதாச்சும் இருந்தா இதெல்லாம் வேண்டாமுங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க.