டைல்ஸ் போட்டவருக்குக் கூலி யார் தரணும்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் டைல்ஸ் வேலை செய்கிறேன். பொள்ளாச்சி காண்ட்ராக்டர் ஒருவர் சித்தூரில் பிடித்த வீட்டு வேலையில் தரையை மட்டும் எனக்கு விட்டார். சதுர அடிக்கு 35 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. இரண்டு ஆட்களை வைத்து 2,400 சதுர அடி போட்டு, போன ஓணத்துக்கு முன்னால் முடித்தேன். 84,000 ரூபாயில் 30,000தான் கூகுள் பேயில் வந்தது. கேட்டால், "வீட்டுக்காரர் எனக்கே தரலை, வந்ததும் தரேன்" என்கிறார். வீட்டுக்காரர், "அவர்கிட்டயே கேளுங்க" என்று கேட்டைச் சாத்துகிறார். வக்கீல் சார், நான் யாரைப் பிடிப்பது?

பதில்: காண்ட்ராக்டரைத்தான். உங்களைக் கூப்பிட்டவர் அவர், ரேட் பேசியவர் அவர், 30,000 அனுப்பியவரும் அவர். "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்று முதலிலேயே பேசி நீங்களும் தலையாட்டியிருந்தால் கதை வேறு. வேலை முடிந்த பிறகு சொன்னால் அது வெறும் சாக்கு.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் செல்லும். நிரூபிப்பதில்தான் பாடு. நான் ஜூனியராக இருந்தபோது ஒரு பெயின்டர் வந்தார். கையில் பழைய மாதக் காலண்டரின் தாள். பின்பக்கம் "ஹால் 3 கோட், மாடிப்படி 2 கோட்" என்று பென்சிலில் எழுதி, ஓரத்தில் காண்ட்ராக்டர் கையெழுத்து, அதன்மேல் டிஸ்டெம்பர் கறை. அந்தத் தாளைக் கோர்ட்டில் கொடுத்த பிறகுதான் எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வந்தது. உங்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை. ஆனால் கூகுள் பே கணக்கு இருக்கிறது, "தரேன்" என்ற வாட்ஸ்அப் பேச்சு இருந்தால் அதுவும் உதவும். அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழோடுதான் அவற்றின் நகலைக் கோர்ட்டில் கொடுக்க முடியும்.

காண்ட்ராக்டருக்கு வக்கீல் நோட்டீஸ் போனதும் அனேகமாக ஒரு புதுப் புகார் கிளம்பும்: "தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது, அடியில கலவையே இல்ல." அதற்கு முன்னால் ஒரு சாட்சியோடு போய், "காசு கேட்டு வரலைங்க, அளவெடுக்க வந்தேன்" என்று வீட்டுக்காரரிடம் தன்மையாகப் பேசுங்கள். டேப் பிடித்து அளந்து, ஒவ்வொரு அறையிலும் நாணயத்தால் தட்டி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் மேல் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவில் போடலாம், பலனை அனுபவிப்பவர் அவர்தானே என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் நேரடி ஒப்பந்தம் இருக்கும்போது நான் அதை நம்பி இறங்க மாட்டேன். வேறு வழி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் நிஜமாகவே காண்ட்ராக்டருக்குப் பாக்கி வைத்திருந்தால், உங்களுக்கு டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) கிடைத்த பிறகு அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி உத்தரவு வாங்கலாம். கர்னிஷீ என்பார்கள்.

காண்ட்ராக்டர் தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காகப் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டாம். வேலை நடந்தது நம்ம பாலக்காட்டுச் சித்தூரில் (ஆந்திராச் சித்தூர் என்று நினைத்து எனக்கே நோட்டீஸ் எழுதியவர்கள் உண்டு), அதனால் சித்தூர் முன்சிப் கோர்ட்டிலேயே போடலாம். அதற்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், செலவில்லை. அவர் வந்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தக் குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமாதானமாக முடிந்தால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் சிவில் விஷயம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

பணம் தரக் கெடு எதுவும் பேசவில்லை என்றால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "வந்ததும் தரேன்" என்று வாயால் சொல்வதால் அந்தக் கணக்கு நிற்காது. பாக்கியை ஒத்துக்கொண்டு அந்தக் கெடுவுக்குள் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் புதிதாக மூன்று வருஷம்.

அப்புறம், அந்த இரண்டு ஆட்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா? கேள்வியில் அதைக் காணோம். அவர்களுக்கு நீங்கள்தான் காண்ட்ராக்டர். கொடுத்திருந்தால் அந்தச் சம்பளக் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். அந்த வீட்டில் எத்தனை நாள் வேலை நடந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.