விமான நிலையப் பொலிசுக்கு வாகனம் தூக்கும் வேலை: கேட்ட தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மனைவியின் விசாவில் லண்டன் வந்து நான்கு மாதம். அதற்கு முன் கத்தாரில் ரெக்கவரி லொறி ஓட்டினீர்கள். இப்போது விமான நிலையப் பொலிசுக்கு 'வெஹிக்கிள் ரெக்கவரி ஒஃபிசர்' தேவை என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. இது பொலிஸ் வேலையா, எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவு ஷிஃப்ட் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். நான் இதே வேலையில் கனகாலமாக இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொலிஸ் வேலை இல்லை. இங்கே பெரிய விமான நிலையங்களை அந்தந்தப் பகுதிப் பொலிஸ்தான் பார்க்கிறது. ஹீத்ரோ 1974ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரோபொலிட்டன் பொலிசிடம் போனது. கட்விக் சசெக்ஸ் பொலிசிடம், ஸ்டான்ஸ்டெட் எசெக்ஸ் பொலிசிடம். வாகனம் தூக்குகிறவர்களில் சிலர் பொலிசின் சிவில் ஊழியர்கள், மற்றவர்கள் ஒப்பந்தக் கம்பனி ஆட்கள். நான் கம்பனி ஆள். எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒருவரை மறிக்கவோ திறப்பைக் கேட்டு வாங்கவோ உங்களுக்கு அதிகாரம் கிடையாது. லைசென்சோ இன்சூரன்சோ இல்லாமல் ஓடிய காரைப் பறிமுதல் செய்வது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 165ஏ பிரிவு. அதைச் சீருடையில் நிற்கிற பொலிஸ்காரர் மட்டுமே செய்யலாம். அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்கள் கை காரில் படலாம்.

சனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தனியார் நிலத்தில் சில்லுக்குப் பூட்டுப் போட்டும் இழுத்துக்கொண்டு போயும் காசு பறித்த கூட்டத்துக்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 அக்டோபரில் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆனால் அந்தக் கோபம் போகவில்லை. உங்கள் லொறியைக் கண்டவுடன் அதை உங்கள் தலையில் கொட்டுவார்கள்.

கத்தாரில் பழகிய கைக்குத் தூக்குகிற வேலை ஒன்றும் கஷ்டமாக இருக்காது. ஸ்லைட் பெட் (சரிந்து இறங்கும் லொறித் தட்டு), வின்ச் (கம்பியால் இழுக்கும் இயந்திரம்), ஸ்கேட்ஸ் (சில்லுக்குக் கீழே வைக்கும் உருளைத் தட்டு) எல்லாம் அதேதான். இங்கே உங்களை வேலையில் வைத்திருப்பது கமராவும் பேனாவும். காரைத் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் படம், ஏற்கெனவே இருக்கிற கீறல்கள், மீட்டரில் ஓடிய மைல், உள்ளே கண்ணுக்குத் தெரிகிற சாமான் எல்லாம் பதிய வேண்டும். மழையோ இருட்டோ, பொலிஸ்காரர் அவசரப்படுத்தினாலும் சரி, இதில் ஒன்றையும் விடக்கூடாது. மூன்று கிழமை கழித்து உரிமையாளர் வந்து "என் பம்பர் உடைந்திருக்கிறது, டாஷ்போர்டில் ஆயிரம் பவுண்ஸ் வைத்திருந்தேன்" என்பார். அன்றைக்கு உங்கள் பக்கம் பேச அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கும்.

குற்ற வழக்கில் சம்பந்தப்பட்ட கார் என்றால் இன்னும் கவனம். ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூடாது, சீற்றில் உட்காரக்கூடாது. கையுறை போட்டு, சில்லுகளுக்குக் கீழே ஸ்கேட்ஸ் கொடுத்து, உள்ளே ஏறாமலே வெளியே எடுக்க வேண்டும். யாரிடமிருந்து எத்தனை மணிக்கு வாங்கினேன், யாரிடம் கொடுத்தேன் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வைப்பீர்கள். அந்தத் தாள் நீதிமன்றம் வரை போகலாம், உங்களையும் கூப்பிடலாம். ஆகவே இங்கிலீஷில் நாலு வரி தெளிவாக எழுதப் பழகுங்கள். பேச்சு ஓரளவு இருந்தால் போதும், எழுத்தில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ரேடியோவில் நம்பர் பிளேட் சொல்வதற்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வரிசையை இப்போதே பாடமாக்கிவிடுங்கள்.

என்னென்ன கார் வரும்? இன்சூரன்ஸ் இல்லாத மினிகப்தான் அடிக்கடி. அப்புறம் திருட்டுக் கார். அதில் ட்ராக்கர் இருக்கிறதா, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பதற்காகக் கள்ளர் அதைப் பெரிய கார் பார்க்கில் சில நாள் விட்டுவைப்பார்கள். விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான கார்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படாது. மாடிக் கார் பார்க்குகளில் கூரை உயரம் குறைவு. பெரிய லொறி உள்ளே போகாது, சின்ன வண்டியால் கீழே இறக்கித்தான் ஏற்ற வேண்டும். இன்னொரு ரகம், 'மீட் அன்ட் கிரீட்' என்று சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு காரை எங்கேயோ வயலில் விடுகிற போலிக் கம்பனிகள். அவர்களுடைய ஆள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் கார் பவுண்டுக்கு (பிடித்த வாகனங்களை வைத்திருக்கும் இடம்) போகும், சொந்தக்காரர் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். திரும்பி வந்து இறங்குகிற அன்று அவர் யாரைத் திட்டுவார் என்று நினைக்கிறீர்கள்?

ஹீத்ரோவில் 2 மற்றும் 3 டெர்மினல்களுக்குப் போகிற பாதை ஓடுபாதைக்குக் கீழே சுரங்கமாகப் போகிறது. அதற்குள் ஒரு கார் நின்றுவிட்டால் பின்னால் எத்தனை பேர் விமானத்தைத் தவறவிடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அங்கேயும், எம்4 போன்ற வேகப் பாதைகளிலும், வாகனம் ஓடுகிற பக்கம் நின்று வேலை செய்யவே கூடாது. வின்ச்சை மறுபக்கத்திலிருந்து இயக்குங்கள். எங்கள் தொழிலில் ஆட்கள் செத்தது பாரம் விழுந்து மட்டும் இல்லை, பின்னால் வந்த லொறி அடித்தும்தான்.

ஆள் இல்லாமல் நிற்கிற வாகனம் தனிக் கதை. 2007 ஜூன் 29 விடியற்காலை லண்டன் நடுவில் ஒரு மெர்சிடிஸ், தவறான இடத்தில் நின்றதற்காகப் பார்க் லேனில் உள்ள நிலத்தடிக் கார் பவுண்டுக்கு இழுத்துப் போகப்பட்டது. பெற்றோல் மணக்கிறது என்று அங்கே இருந்த ஊழியர்கள் கவனித்துச் சொன்ன பிறகுதான் அது கார் குண்டு என்று தெரிந்தது. அதைக் கட்டி இழுத்தவர் எங்களைப் போல ஒரு ஆள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்த நாளே கிளாஸ்கோ விமான நிலைய வாசலில் எரிவாயு சிலிண்டர் ஏற்றிய ஜீப்பைக் கொண்டுபோய் மோதினார்கள். இன்றைக்கு டெர்மினல் வாசல்களில் காணும் இரும்புத் தூண்களையும், அரை நிமிடம் நின்றாலே விரட்டுகிற கெடுபிடியையும் பார்க்கும்போது அந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் பார்த்து முடித்து "எடு" என்று சொல்லும் வரை கிட்டப் போகாதீர்கள். மணம், கசிவு, கனத்தில் தொய்ந்த பின்பக்கம் எதைக் கண்டாலும் வாய் திறந்து சொல்லுங்கள். வீண் பயம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

மின்சாரக் கார்களும் கூடிக்கொண்டு வருகின்றன. சில்லு நிலத்தில் உருள இழுக்கக்கூடாது, முழுதாகத் தூக்கி ஏற்ற வேண்டும். செம்மஞ்சள் நிற வயரைத் தொடக்கூடாது. அடிபட்டது என்றால் மற்ற வாகனங்களிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் வைப்போம். இதற்கான பயிற்சி வேலைக்கு வந்த பிறகு தருவார்கள்.

வெளியே சொல்லாத கஷ்டம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் பொலிஸ் மறித்து வைத்திருந்த காரில் எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம். என் பெயர் அட்டையைப் பார்த்ததும் "அண்ணே, தமிழோ? சொல்லிவிடுங்கோ அண்ணே, அம்மாவை ஏற்ற வந்தனாங்கள்" என்று அந்தப் பெடியன் கெஞ்சினான். இன்சூரன்ஸ் முடிந்து ஒரு மாதம். நான் சொல்லி ஒன்றும் ஆகாது, சொல்லவும் கூடாது. குழந்தை சீற், அம்மாவின் மருந்து, வீட்டுத் திறப்பு எல்லாவற்றையும் பொலிஸ்காரரிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பவுண்ட், என்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று தமிழில் விளக்கினேன். 2023 ஏப்ரலிலிருந்து சாதாரணக் காருக்கு எடுப்புக் கூலி 192 பவுண்ஸ், வைத்திருக்க நாளுக்கு 26 பவுண்ஸ். பிந்தப் பிந்த ஏறும் என்பதால் அன்றைக்கே இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னேன். அதுவும் பொலிஸ் பிடித்த காரை மீட்க ஒத்துக்கொள்கிற இன்சூரன்சாக இருக்க வேண்டும், சாதாரணப் பொலிசி பலதும் இதற்குச் செல்லாது. அந்தப் பெடியன் கடைசி வரை என்னை முறைத்துக்கொண்டுதான் நின்றான். பரவாயில்லை. உடம்பில் மாட்டின கமரா எல்லாவற்றையும் பதிகிறது. ஒரு இருபது பவுண்ஸ் தாளுக்கு ஆசைப்பட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

இனி, கிடைக்குமா என்ற கேள்வி. இப்போதைக்குக் கஷ்டம். விமான நிலைய பாஸ் எடுக்க ஐந்து வருட வரலாறு கேட்பார்கள், இடையில் வெற்று மாதங்கள் இருந்தால் அதற்கும் ஆதாரம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்த நாடுகளிலிருந்து பொலிஸ் சான்றிதழ் வேண்டும். உங்களுக்கு அது இலங்கையும் கத்தாரும். அதற்கு மேல் பொலிசின் சொந்தச் சோதனை. பொதுவாக இந்த நாட்டில் மூன்று வருடமாவது இருந்திருக்க வேண்டும் என்பார்கள். கடன், வீட்டில் கூட இருப்பவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். சின்னத் தண்டப் பணம் இருந்தாலும் எழுதிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் அதோடு சரி.

லைசென்ஸ் இன்னொரு முடிச்சு. இலங்கை லைசென்சும் கத்தார் லைசென்சும் இங்கே மாற்றித் தர மாட்டார்கள். வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் கார் ஓட்டலாம், லொறி ஓட்ட முடியாது. முதலில் கார் டெஸ்ட் பாஸ் பண்ணுங்கள். பிறகு 3.5 தொன்னிலிருந்து 7.5 தொன் வரையான லொறிக்கான சி1 லைசென்ஸ், முடிந்தால் நேரே அதைவிடப் பெரிய லொறிக்கான சி. லொறி டெஸ்டுக்கு டாக்டர் நிரப்புகிற டி4 படிவம் வேண்டும்.

ஆகவே இந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். கார் டெஸ்ட் முடிந்ததும் சாதாரண பிரேக்டவுன் கம்பனி ஒன்றில் சின்ன வானில் தொடங்குங்கள். 'பாஸ் 43' (PAS 43, வாகனம் தூக்கும் கம்பனிகளுக்கான தரச் சான்று) வைத்திருக்கிற கம்பனியா என்று கேளுங்கள், பொலிஸ் வேலைக்கு அதைத்தான் பார்ப்பார்கள். கத்தார் முதலாளியிடம் வேலை செய்த கடிதத்தை இந்த மாதமே வாங்கி வையுங்கள். கம்பனி மூடிப் போனால் அந்த வருடங்களை நிரூபிக்க நாய்படாத பாடு படுவீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் இதற்காகவே எட்டு மாதம் காத்திருந்தார்.

குழந்தை விஷயம். எங்கள் இடத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு, பகலும் இரவும் மாறி மாறி வரும். ஹீத்ரோவில் நள்ளிரவுக்குப் பிறகு விமானம் அடங்கிவிடும், பொலிஸ் அடங்காது. இரவு வேலை முடித்து வந்து பகலில் படுக்கத் தனி அறை இல்லாவிட்டால் கஷ்டம்தான். ஆனால் நாலு நாள் முழுதாகப் பிள்ளையோடு இருக்கலாம், ஒன்பது-ஐந்து வேலைக்காரருக்கு அது கிடைக்காது. மனைவி வேலைக்குப் போகிறாரா, எந்த நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் ஷிஃப்ட் கணக்கை இன்னும் சரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.