ஸ்கேனில் ஒன்றுமில்லை, நெறிக்கட்டியை ஏன் எடுக்க வேண்டும்?

அம்மாவின் குதிகாலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய், ஆனால் பெட் ஸ்கேனில் எதுவும் ஒளிரவில்லை, அதனால் தொடை இடுக்கில் இருக்கும் நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சை) எடுக்கக் கத்தி வைக்க வேண்டாம் என்கிறார் அம்மா, விட்டுவிடலாமா என்று பாம்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள், தம்பி.

உடலில் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைத்தான் பெட் ஸ்கேன் காட்டுகிறது. நுரையீரலிலோ கல்லீரலிலோ வளர்ந்துவிட்ட கட்டியை அது நன்றாகவே பிடித்துவிடும். 5 மி.மீ.க்கும் குறைவான படிவு பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும். மெலனோமா நெறிக்கட்டியில் குடியேறும்போது கடுகளவுகூட இருக்காது. அல்ட்ராசவுண்டும் அப்படித்தான். 2019-இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, நெறிக்கட்டியில் நோய் பரவியிருந்த 100 பேரில் ஏறக்குறைய 35 பேரைத்தான் அது தனியாகக் கண்டுபிடித்தது. மற்றவர்களுக்கும் 'ஒன்றுமில்லை' என்ற அறிக்கைதான் கிடைத்திருக்கும்.

அம்மாவின் பயாப்சி அறிக்கையில் மெலனோமாவின் தடிமன் 1.8 மி.மீ. என்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பத்துப் பக்கத்தில் எனக்கு முக்கியமானது இந்த எண் ஒன்றுதான். 1 மி.மீ.க்கு மேல் போனாலே, குதிகாலின் நிணநீர் முதலில் சென்று சேரும் நெறிக்கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறோம். குதிகாலில் அகலமாக வெட்டி எடுக்கும் அதே அறுவையில் இதையும் செய்துவிட வேண்டும். முதலில் அதை வெட்டிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்றால், நிணநீரின் பாதை மாறி, சரியான கட்டியை அடையாளம் காண்பது கடினமாகிவிடும்.

கால் வீங்கிவிடும் என்ற பயம், இடுக்கில் இருந்த எல்லாவற்றையும் அள்ளி எடுத்த காலத்துப் பயம். இப்போது எடுப்பது ஒன்றிரண்டுதான். அதில் நோய் தெரிந்தாலும், மீதியை உடனே அள்ளுவது ஆயுளைக் கூட்டவில்லை என்று 2017-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. பெரும்பாலானோருக்கு அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து கண்காணிப்பதே போதும்.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று இணையத்தில் படித்தது பொய். கல்லீரலில் தெரிந்த சாதாரண நீர்க்கட்டியை மறந்துவிடுங்கள்.

எருக்கம்பால் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். கால் ஆணி என்று நீங்களே முடிவு செய்து, கறுத்துப் பரவிய இடத்தில் எட்டு மாதம் அதைத் தடவியிருக்கிறீர்கள். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா அதிகம் வருவதே உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்துக்கு அடியிலும்தான். ஆறாத புண்ணில் இனி எதையும் தடவாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாசி எடுக்கப் பாறையில் நடக்கிறவர்களுக்கும், கருவேல முள் குத்தியவர்களுக்கும் தொடை இடுக்கில் நெறி கட்டுவது சகஜம். அது வலிக்கும், புண் ஆறினால் வற்றிவிடும். அந்த வீக்கம்கூட பெட் ஸ்கேனில் ஒளிரும், ஒளிர்ந்ததெல்லாம் புற்றுநோய் ஆகாது. ஆனால் அம்மாவுக்கு வலியே இல்லாமல், கல் போல, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி தட்டுப்பட்டால், அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் மறுநாளே மருத்துவரிடம் போய் ஊசிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

குதிகாலில் தோல் ஒட்டு வைக்க வேண்டிவரலாம். அப்படியானால் சில மாதங்கள் கடலில் இறங்க முடியாது. அம்மாவிடம் இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.