முட்டி வலி கேள்வி பதில்: சூப்பில் வந்து முடிந்த கதை

பிசியோதெரபி என் தொழில். நாள்பட்ட மூட்டு வலி பற்றி எதையும் கேளுங்கள். மாத்திரை அளவு மட்டும் வேண்டாம், அது டாக்டர் வேலை.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நடந்தால் இன்னும் தேயுமா?

பதில்: அம்மாவை முடக்கியிருப்பது பயம். தேய்வது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடும்போதுதான், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி, மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் அது பட்டினி. தொடைத் தசையும் இளைத்துப்போய், அது தாங்க வேண்டிய பாரம் முட்டியில் இறங்கும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டி சிலருக்கு வலிப்பதே இல்லை. லேசான தேய்மானத்துக்கே சிலர் அழுவார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, இறக்கட்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். அப்புறம் கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகட்டும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் அந்த வலி நின்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே உதடு பிதுக்க வேண்டாம். உடம்பு கனமா? ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. தூக்கம் எப்படி என்றும் கேளுங்கள். சரியாகத் தூங்காதவருக்கு அதே வலி மறுநாள் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: 34 வயது. இரண்டு கை விரல்களும் வீங்குகின்றன. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியவில்லை. என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: பயிற்சி அப்புறம். முடக்குவாதமாக (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) இருக்கலாம், இந்த வாரமே வாத நோய் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் விரல்கள் கோணிவிடும். அதற்கான மருந்தாக மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தால், அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

கேள்வி: எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

பதில்: வாசனை பிடித்த எண்ணெய். சுகம் தருவது சூடும் தேய்க்கும் கையும்தான்.

கேள்வி: பக்கத்து ஊரில் ஒருவர் பொட்டலத்தில் பொடி தருகிறார். இரண்டே நாளில் வலி போச்சு. தொடரலாமா?

பதில்: பெயர் எழுதாத பொட்டலம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மூட்டுக்கு நல்லது என்று விற்கிறார்களே, அந்தக் குளுக்கோசமைன் மாத்திரை?

பதில்: 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

கேள்வி: கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்துவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படி இறங்கி ஏறினேன். துளி வலி இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஆயிரம் படி ஏறுகிற முட்டிக்கு சூப் எதற்கு? மிளகு தூக்கலாக நன்றாகத்தான் இருக்கும், நானும் இரண்டு டம்ளர் குடித்தவன். ஆனால் மூட்டு வலி ஏறி இறங்கும் சாமான். உச்சத்தில் இருக்கும்போது எதையாவது குடிக்கிறோம். அது தானாக இறங்கும்போது பெயர் சூப்புக்குப் போகிறது.

கேள்வி (அதே நண்பர்): அப்போது நம் முன்னோர்கள் முட்டாள்களா?

பதில்: என் பாட்டி வாரம் தவறாமல் முடக்கத்தான் தோசை சுடுவாள். அவளுக்கும் முட்டி வலித்தது. முட்டாள் இல்லை, கெட்டிக்காரி.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முடவாட்டுக்கால் கிழங்கே இல்லை, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு.

பதில்: ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் அது சைவமா?

பதில்: சைவம். ஐயா, இது மூட்டு வலிப் பகுதி.

கேள்வி: சிக்குன்குனியா வந்து நாலு மாதம். இன்னும் கணுக்கால் வலிக்கிறது.

பதில்: நல்லவேளை, ஒரு நோயாளி வந்தார். மாதக்கணக்கில் நீடிப்பது இதில் சகஜம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கணுக்காலை மெதுவாகச் சுழற்றுங்கள். இப்போதும் வீக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தேய்மானம் இருந்தால் நடக்கலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நல்லெண்ணெயா, வேப்பெண்ணெயா?

பதில்: மூன்றாவது பதில்.

கேள்வி: அந்த சூப் எங்கே நன்றாக இருக்கும்?

பதில்: 70 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் விசாரியுங்கள். அருவிக்குப் போனால் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். முட்டியைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான்.