304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பையும் எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட்டையும் 308எல் வெல்டிங் ராடுல சேர்த்தா பீடு (வெல்டிங் தையல்) நடுவுல கிராக்

ராடை மாத்துங்க ப்ரோ, இதுக்கு 309எல்-16 தான் வேணும். 308எல் எல்லாம் 304-ஐ 304 கூடவே சேர்க்குறதுக்கு. நீங்க வாசல் கேட்டுல 304 பைப்ப எம்எஸ் கீல் பிளேட்டோட சேர்க்குறீங்க, அப்போ எம்எஸ் உருகி பீடுல கலந்து குரோமியம் நிக்கல் ரெண்டையும் குறைச்சிடும், பீடு இறுகிப்போய் ஆறும்போதே நீளவாக்குல விரிசல் விடும். 309எல்-ல குரோமியம் சுமார் 23, நிக்கல் சுமார் 13 சதவீதம், அதனால அந்தக் கலப்பைத் தாங்கிடும்.

கிராக் ஆன பீடுல ஒரு காந்தம் வச்சுப் பாருங்க. லேசா இழுத்தா அது சாதாரணம், எம்எஸ் மாதிரி கப்புனு பிடிச்சா எம்எஸ் நிறைய கலந்திருக்குனு அர்த்தம்.

1. பழைய பீடை முழுசா கிரைண்ட் பண்ணி எடுத்துடுங்க, அதுமேலயே ஓட்டாதீங்க.
2. 2.5 எம்எம் ராடு, டிசி கரண்ட், ராடு பிடிக்கிற ஹோல்டர் பாசிட்டிவ்ல, 60-75 ஆம்ப். ஆர்க்கை (ராடு நுனியில எரியிற மின்பொறி) சின்னதா வைங்க, எம்எஸ் பக்கமே நிறுத்தி உருக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க, அந்த பிளேட் ஜிஐயா (ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு) இருந்தா ஜிங்க் பூச்சு சுத்தமா போறவரைக்கும் தேய்க்கணும், ஜிங்க் உருகி எஸ்எஸ்க்குள்ள புகுந்தா 309 போட்டாலும் விரிசல் விடும்.