ஓட்டுப் போடாத வேட்பாளர்

கேள்வி: சிகாகோ புறநகரில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். வயது 47. திருச்சியில் பி.இ. முடித்துவிட்டு 2001-ல் எம்.எஸ். படிக்க இங்கே வந்தேன். 2014-ல் குடியுரிமை கிடைத்தது. இப்போது நிறுவனம் நன்றாக ஓடுகிறது, கையில் பணமும் இருக்கிறது. இங்கே ஜெயித்த ராஜா கிருஷ்ணமூர்த்தி போல நானும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிட நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறாள். ஊர்த் தேர்தல், பள்ளி வாரியத் தேர்தலுக்கெல்லாம் எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அவள்தான் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள், பள்ளிக்கூடக் கூட்டம் என்று அலைவாள். ஆனால் பெரிய அரசியல் அவளுக்குப் புரியவில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, மனைவியைச் சம்மதிக்க வைக்க நான் உங்களுக்கு வழி சொல்லப்போவதில்லை. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருடத்துக்கு நாலைந்து வருகிறது. எல்லாவற்றிலும் படிப்பு, கம்பெனி, பணம், கடைசியில் வீட்டில் ஒத்துழைப்பு இல்லை என்ற குறை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: ‘அவள்தான் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள்.’

உங்கள் இல்லினாய் மாநிலத்தில் ஊருக்கும் பள்ளி வாரியத்துக்கும் ஒற்றைப்படை வருடங்களில், ஏப்ரலில் தேர்தல் நடக்கிறது. நீங்கள் குடிமகனான பிறகு 2015 முதல் 2025 வரை ஆறு தேர்தல் போய்விட்டது. ஆறிலும் நீங்கள் இல்லை. யாருக்குப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். போட்டீர்களா இல்லையா என்பது பதிவேட்டில் இருக்கிறது, எதிர்த்து நிற்பவர் அதை வாங்கிப் பார்ப்பார். அவர் பார்ப்பது கிடக்கட்டும், நீங்கள் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்தீர்களா?

தலிப் சிங் சவுந்த் என்று ஒருவர். பஞ்சாபிலிருந்து 1920-ல் பெர்க்லிக்குப் படிக்கப் போனார், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், கலிபோர்னியாவில் விவசாயம் செய்தார். இந்தியர்கள் அங்கே குடிமக்களாக அன்றைக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதை மாற்ற அலைந்தார். 1946-ல் சட்டம் வந்தது, 1949-ல் குடிமகன் ஆனார். ஓட்டுச்சீட்டைத் தொட 29 வருடம்! 1950-ல் வெஸ்ட்மோர்லாந்து என்ற சின்ன ஊருக்கு நீதிபதியாக ஜெயித்தார். குடிமகனாகி ஒரு வருடம் ஆகவில்லை என்று அது செல்லாமல் போனது. 1952-ல் மறுபடி நின்று ஜெயித்தார். அதற்கப்புறம்தான் 1956-ல் காங்கிரஸ். அவர் 29 வருடம் காத்துக் கிடந்து வாங்கியதை நீங்கள் நேரமில்லை என்று ஆறு தடவை விட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அப்புறம், ராஜா கிருஷ்ணமூர்த்தி. கம்பெனி நடத்தினார், காங்கிரஸுக்குப் போனார் என்று மட்டும் பார்க்கிறீர்கள். இலங்கைத் தமிழரான பேராசிரியர் சிவானந்தனின் அகச்சிவப்பு உணரி நிறுவனத்துக்குத் தலைவராக வருவதற்கு முன்பே மாநிலத் துணைப் பொருளாளராக வேலை பார்த்தவர் அவர். 2010-ல் மாநிலப் பதவிக்கு நின்று தோற்றார், 2012-ல் காங்கிரஸுக்கு நின்றும் தோற்றார். 2016-ல்தான் ஜெயித்தார். நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த உபேந்திர சிவுகுலா நியூ ஜெர்சியில் முதலில் டவுன்ஷிப் கவுன்சிலர், பிறகு மேயர், 2001-ல்தான் சட்டமன்றம்.

பெரிய அரசியல் மனைவிக்குப் புரியவில்லை என்கிறீர்கள். இன்று ராத்திரி உங்கள் வீட்டுச் சொத்து வரிச் சீட்டை எடுத்து மேஜையில் விரியுங்கள். ஊர், நூலகம், பூங்கா, தீயணைப்பு என்று வரிவரியாகப் போட்டிருக்கும். அதில் பெரிய தொகை எதற்குப் போகிறது? உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று பள்ளி வாரியத்தின் ஏழு பேர், சம்பளம் வாங்காமல், கூடி முடிவெடுக்கிறார்கள். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மனைவிக்குத் தெரியும் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஏப்ரல் குளிரில் ஆறு தடவை போய் வரிசையில் நின்றவர் அவர்.

ஊர் வேலையை மனைவியிடம் விட்டவர் வீட்டு வேலையையும் அப்படித்தான் விட்டிருப்பார். பல வீடுகளில் பார்த்துவிட்டேன். பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதைக் கடமை என்று சொல்லித்தான் நம் பெற்றோர் வளர்த்தார்கள். நமக்காக ஒருவர் ஓடுகிறார் என்றால் அவரை உட்கார வைத்துவிட்டு நாம் ஓட வேண்டும். நீங்களோ அவர் இன்னும் கொஞ்சம் ஓடச் சம்மதிக்கவில்லையே என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

உங்கள் வீட்டில் தேர்தலில் நிற்கத் தகுதியுள்ளவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அடுத்த பள்ளி வாரியத் தேர்தல் 2027 ஏப்ரலில். “நீ நிற்கிறாயா?” என்று அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவரோடு கூட்டத்துக்காவது போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சரி என்றால், மனுவுக்கு 50 வாக்காளர்களின் கையெழுத்து போதும். தெருவில் வீடு வீடாகப் போங்கள். கதவை அவர் தட்டட்டும், நீங்கள் பேனாவையும் அட்டையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். யார் வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நடங்கள்.